நீச்சற்குள வாணிகம்



குளம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது ஊர்ப் பொதுக்குளம். மழை பெய்தால் அது நிறையும். ஊரார் அனைவரும் அதனால் பயன்கொள்வர். அதனை விற்பாரும் இல்லை, வாங்குவாரும் இல்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ குளம் ஒரு விற்பனைச் சரக்கு. வீட்டின் கொல்லையில் குழி தோண்டிக் காங்கிரீட்டாலோ, கண்ணாடியிழையாலோ, பிளாஸ்டிக் விரிப்பாலோ நீச்சற்குளம் அமைத்துத் தருவதற்கென்றே அங்கு வணிகர் இருக்கின்றனர். நான்கைந்து பேர் அமர்ந்து, உடல் நோவு தீர வெந்நீரில் கிடப்பதற்குரிய தொட்டிகளையும் அவர்களே விற்கின்றனர். விற்றதோடு நில்லாமல், அந்நீரைத் தூய்மை கெடாமல் காக்கும் பணியையும் ஏற்கின்றனர். இத்தொழிலில் பெரிய நிறுவனங்களும் உள. எனினும் ஒரு குடும்பம், இரண்டு மூன்று பணியாளர், ஒரு கடை, ஒரு வண்டி என்ற அளவில் நடைபெறும் சிறு வணிகங்கள் அந்நாடெங்கும் மிகுதி.

‘எங்கோ உள்ள ஒரு கடையைப் பற்றி நாம் அறிவதனால் என்ன பயன்?’ என்று நீங்கள் வினவலாம். நீங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் தனித்தனியே பயிலும் வேதியியல், இயற்பியல், கணக்கியல், சட்டம் ஆகியவை ஒரு சிறு கடைக்குள் ஒன்றுகூடி நிற்பதை இவ்வாணிகத்திலே காணலாம். அவற்றுள் ஒன்றில் தவறினாலும் வணிகர் தம் முதலை இழப்பார். சிலபோது, வாங்கியவர் தம் உயிரையே இழக்க நேரும். ஆதலின் இது நாம் சிறிது நின்று ஆராய்தற்குரிய தொழிலே.

முதலில் வெந்நீர்த் தொட்டியின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவில் குடியேறிய ஜக்கூசி என்னும் குடும்பத்துச் சகோதரர்கள், 1915-ஆம் ஆண்டளவில் பெர்க்கிலி நகரில் விமானங்களுக்குரிய சுழல்விசிறிகளைச் செய்யத் தொடங்கினர். பின்னர் உழவர்களுக்கான நீரேற்றும் பம்புகளைச் செய்வதில் பெயர் பெற்றனர். அவர்களுள் இளையவரான கேண்டிடோவின் மகன், குழந்தைப் பருவத்திலேயே கடுமையான மூட்டுவாத நோய்க்கு ஆளானான். மருத்துவமனையில் சுழலும் வெந்நீரில் வைத்திருந்தபோது அவன் நோவு சிறிது தணிந்தது. பம்பு செய்வதே தொழிலாகக் கொண்ட தந்தைக்கு, அவ்வசதியை வீட்டுக் குளிதொட்டியிலேயே ஏன் உண்டாக்கக்கூடாது என்ற எண்ணம் பிறந்தது. அவ்வாறு தோன்றிய சிறு பம்பு 1950-களின் நடுவில் விற்பனைக்கு வந்தது. 1968-இல் அக்குடும்பத்தைச் சேர்ந்த ராய் ஜக்கூசி, பம்பும் நீர்த்தாரைகளும் உள்ளேயே அமைந்த சுழல்நீர்த் தொட்டியை வெளியிட்டார். அதே காலத்தில் கலிபோர்னியாவில் சிலர், திராட்சை மது ஊறவைக்கும் பழைய மரத்தொட்டிகளில் வெந்நீர் நிரப்பிக் குளிக்கலாயினர். பின்னர் மரம் போய்க் கண்ணாடியிழையும் அக்ரிலிக்கும் வந்தன. ஒரு தந்தையின் கவலையில் பிறந்த பொருள், இன்று கடை வாயிலில் காட்சிக்கு நிற்கும் சரக்காகிவிட்டது.

இனி நீரைப் பற்றிச் சிந்திப்போம். இவ்வாணிகத்தின் உயிர்நிலை அதுவே. ஆற்றில் விழுந்த அழுக்கை வெள்ளம் கொண்டு செல்லும். தொட்டியில் விழுந்தது தொட்டியிலேயே கிடக்கும். ஆகவே இரண்டு செயல்கள் இன்றியமையாதன. ஒன்று, பம்பினால் நீரைச் சுற்றச் செய்து வடிகட்டியினூடே செலுத்துதல். மற்றொன்று, வடிகட்டியிற் சிக்காத நுண்ணுயிர்களைக் கொல்ல மருந்திடுதல். அம்மருந்துகளுள் தலைமை வாய்ந்தது குளோரின். அமெரிக்காவில் நீச்சற்குளத்து நீரைக் குளோரினால் தூய்மை செய்யும் முயற்சி, 1910-ஆம் ஆண்டளவில் பிரௌன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது.

குளோரின் நீரிற் கரையும்போது ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகின்றது. நுண்ணுயிரைக் கொல்லும் வன்மை பெரிதும் இவ்வமிலத்திற்கே உரியது. நீரில் காரத்தன்மை மிகுந்தால், இது வன்மை குன்றிய ஹைப்போகுளோரைட்டு அயனியாக மாறிவிடும். நீரின் பி.எச். எண் 7.5 அளவில் இருக்கும்போது பாதி அமிலமாகவும் பாதி அயனியாகவும் இருக்கும். அவ்வெண் 8 ஆகுமாயின், அமிலத்தின் பங்கு ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறையும். இட்ட குளோரின் ஒன்றே. பெற்ற பயனோ பாதி. இதனை அறியாதவர் மேன்மேலும் குளோரினை வாங்கிக் கொட்டுவார். அறிந்தவர் சிறிது அமிலம் சேர்த்து நீரின் நிலையைத் திருத்துவார். கடையில் நிற்பவருக்கு வேதியியல் ஏன் வேண்டும் என்பதற்கு இதுவே விடை.

ஒரு சிறு கணக்கும் காண்போம். நீளம் 10 மீட்டர், அகலம் 5 மீட்டர், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர் உடைய குளம் ஒன்றைக் கொள்வோம். அதன் கொள்ளளவு 75 கன மீட்டர். அதாவது 75,000 லிட்டர். பத்து இலட்சம் பங்கு நீருக்கு ஒரு பங்கு குளோரின் வேண்டுமாயின், ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் 75 கிராம் குளோரின் தேவை. கடையில் விற்கும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டுத் தூளில் நூற்றுக்கு 65 பங்கே பயன்தரு குளோரின் உள்ளதெனின், 115 கிராம் தூள் இடவேண்டும். குளத்தின் அளவைக் கேளாமல் ‘ஒரு டப்பா போடுங்கள்’ என்று சொல்லும் வணிகர், நோயாளியைப் பாராமல் மருந்து தரும் மருத்துவரை ஒப்பார்.

வெந்நீர்த் தொட்டியின் நிலை இதனினும் நுட்பமானது. 1,500 லிட்டர் கொள்ளும் தொட்டியில் நால்வர் அமர்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். நாம் முன்பு கண்ட குளம் அதனைப்போல் ஐம்பது மடங்கு பெரிது. எனவே தொட்டியில் நால்வர் இருப்பது, அக்குளத்தில் ஒரே நேரத்தில் இருநூறு பேர் இறங்குவதற்குச் சமம். அன்றியும் நீர் சூடாக இருத்தலின் வியர்வை பெருகும். குளோரின் விரைந்து செலவழியும். இக்காரணங்களால், அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள் குளத்திற்குக் குறைந்தது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு குளோரினும், வெந்நீர்த் தொட்டிக்குக் குறைந்தது மூன்று பங்கும் வேண்டுமென அறிவுறுத்துகின்றன. நீரின் வெப்பம் 40 பாகை செல்சியசுக்கு மேற்படலாகாது என்பதும் அவற்றின் அறிவுரை.

அவ்வளவு கண்டிப்பு ஏன்? அதற்குரிய காரணத்தை வணிகர் ஒவ்வொருவரும் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 1976-ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில், அமெரிக்கன் லீஜன் என்னும் முன்னாள் படைவீரர் சங்கத்தின் மாநாடு நடைபெற்றது. அதற்கு வந்திருந்தோர் பலர் புதுவகை நுரையீரல் காய்ச்சலுக்கு ஆளாயினர், சிலர் மாண்டனர். அந்நோயை உண்டாக்கிய நுண்ணுயிர் பின்னர்க் கண்டறியப்பெற்று, லீஜனெல்லா எனப் பெயரிடப்பட்டது. அது வெதுவெதுப்பான நீரில் தழைப்பது. நீர்த்தாரை கிளப்பும் நுண்டுளிகளோடு காற்றிற் கலந்து நுரையீரலை அடைவது. குளோரின் குறைந்த வெந்நீர்த் தொட்டி அதற்கு மிகவும் உவப்பான இருப்பிடம்.

1999 பிப்ரவரியில், நெதர்லாந்து நாட்டின் போவன்கார்ஸ்பெல் என்னும் ஊரில் ஒரு மலர்க் கண்காட்சி நடைபெற்றது. மலர்களோடு சுழல்நீர்த் தொட்டிகளும் அங்கு மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தன. காண வந்தவர்கள் அவற்றுள் இறங்கவில்லை, அருகே நடந்து சென்றனர், அவ்வளவே. முப்பதுக்கு மேற்பட்டோர் லீஜனெல்லா நோயால் உயிர் துறந்தனர். இருபது ஆண்டுகள் கழித்து, 2019 செப்டம்பரில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நடந்த ஒரு பொருட்காட்சியிலும் இதுவே நிகழ்ந்தது. அங்கும் காட்சிக்கு வைத்திருந்த வெந்நீர்த் தொட்டிகளே நோய்க்குக் காரணமாயிருக்கக்கூடும் என்று ஆய்வாளர் முடிவு செய்தனர். நூற்று முப்பதுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர், நால்வர் மாண்டனர். காட்சிப் பொருள்தானே, எவரும் குளிக்கப் போவதில்லையே என்று எண்ணி நீரைக் கவனியாமல் விடுதல் எத்துணைப் பெரிய தவறு என்பது இவற்றால் விளங்கும். கடையில் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி, விற்ற தொட்டியைப் போலவே நாள்தோறும் சோதிக்கப்பட வேண்டும். சோதித்த அளவுகளை ஏட்டிற் குறித்து வைக்கவும் வேண்டும்.

நீரின் தூய்மைக்கு அடுத்தபடி எண்ணத்தக்கது பம்பின் ஈர்ப்பு வலிமை. 2002 ஜூன் மாதத்தில், விர்ஜீனியா கிரீம் பேக்கர் என்னும் ஏழு வயதுச் சிறுமி, வெந்நீர்த் தொட்டியின் அடியிலிருந்த வடிவாயின் ஈர்ப்பில் அகப்பட்டு மூழ்கி இறந்தாள். அவள் தாய் இடையறாது முயன்றதன் பயனாக, அச்சிறுமியின் பெயராலேயே ஒரு சட்டம் 2007 டிசம்பரில் இயற்றப்பட்டது. உடலை ஈர்த்துப் பிடிக்காத வடிவமுடைய மூடிகளையே வடிவாய்களுக்கு விற்க வேண்டுமென்று அச்சட்டம் விதிக்கின்றது. சில டாலர் விலையுள்ள ஒரு மூடி உடைந்திருப்பதைக் கண்டும், ‘அடுத்த வாரம் மாற்றலாம்’ என்று பணியாளர் சென்றுவிடலாகாது. மூடி மாற்றப்படும்வரை எவரையும் நீரில் இறக்கக் கூடாது என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டே அவர் வெளியேற வேண்டும். அந்நாட்டில் ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளின் சாவுக்கு முதற்காரணம் நீரில் மூழ்குதலே. ஆகவே குளம் விற்பவர், சுற்றுவேலியையும் தானே மூடிக்கொள்ளும் கதவையும் பற்றிப் பேசாமல் விற்பனையை முடிப்பது அறமாகாது.

விற்பனைக்கு முன் இடத்தைப் பார்த்தல் மற்றொரு கடமை. மரத்தளத்தின் மேல் தொட்டி வைக்க விரும்புவோர் பலர். அதன் எடையைக் கணக்கிடுவோம். 1,500 லிட்டர் நீர் 1,500 கிலோகிராம், வெறுந்தொட்டி 400 என்று கொள்வோம், நால்வர் 300. ஆக 2,200 கிலோகிராம். பக்கத்துக்கு 2.2 மீட்டர் உள்ள சதுரத் தொட்டியாயின், ஒரு சதுர மீட்டரின் மேல் 450 கிலோகிராமுக்கு மேற்பட்ட சுமை அழுத்தும். அமெரிக்க வீடுகளின் மரத்தளங்கள், பொதுவாகச் சதுர அடிக்கு 40 பவுண்டு, அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 195 கிலோகிராம், தாங்கும்படி அமைக்கப்படுகின்றன. இரண்டையும் ஒப்பிட்டாலே அபாயம் தெரியும். தகுதிபெற்ற பொறியாளர் பார்த்துச் சம்மதித்தாலன்றி அங்குத் தொட்டியை இறக்கலாகாது. இவ்வாறே மின்னிணைப்பையும் உரிமம் பெற்ற மின்பணியாளரே தருதல் வேண்டும். மின்கசிவு ஏற்பட்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் கருவி அதில் இருத்தல் வேண்டும். நீரும் மின்சாரமும் கூடும் இடத்தில் அரைகுறை அறிவுக்கு இடமில்லை.

இனி வணிகக் கணக்குக்கு வருவோம். இதுவரை கூறியவற்றை எல்லாம் நன்கு செய்தும் கடையை மூட நேர்ந்தவர் உண்டு. அவர்கள் தோற்றது பெரும்பாலும் நீரால் அன்று, கணக்கால்.

முதற்சிக்கல் பருவம். வட மாநிலங்களில் ஏறத்தாழ மே மாதத்தில் குளங்களைத் திறப்பர், செப்டம்பரில் மூடுவர். நீர் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு விரியும். ஆதலின் குளிர் வருமுன் குழாய்களிலுள்ள நீரைக் காற்றால் ஊதி வெளியேற்றாவிட்டால் அவை வெடிக்கும். திறப்பும் மூடலும் ஆகிய இவ்விரண்டு வேளைகளில் வேலை மலைபோல் குவியும். பனிக்காலத்தில் கடை வெறிச்சோடிக் கிடக்கும். ஆனால் வாடகையும் சம்பளமும் பன்னிரண்டு மாதமும் உண்டு. மாதச் செலவு 10,000 டாலர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வருவாயற்ற ஏழு மாதங்களுக்கு 70,000 டாலர் தேவை. வருவாயுள்ள ஐந்து மாதங்களில், ஒவ்வொரு மாதமும் தன் செலவு போக 14,000 டாலரை எடுத்து வைத்தாலன்றி, கடை அடுத்த வேனிலைக் காணாது. ஆடி ஓடி உழைத்த ஜூலையில் கையிலிருக்கும் பணமெல்லாம் தம்முடையது என்று எண்ணுபவர், பிப்ரவரியில் கடன்காரர் ஆவார்.

குளத்தோடு வெந்நீர்த் தொட்டியையும் சேர்த்து விற்கும் வழக்கத்தின் உட்பொருள் இங்கு விளங்கும். குளிர் மிகுந்த காலத்தில் வெந்நீரின்மேல் மக்களுக்கு விருப்பம் மிகும். குளம் உறங்கும்போது தொட்டி விழித்திருக்கும். ஒன்றின் ஓய்வுக்காலத்தை மற்றொன்று ஓரளவு ஈடுசெய்கின்றது. தானியம் விதைத்த உழவன், அதனை அறுத்தபின் பயறு விதைப்பதை ஒத்தது இது.

இரண்டாவது சிக்கல் தள்ளுபடி. வணிகர் ஒருவர் 100 டாலருக்கு வாங்கிய பொருளை 125 டாலருக்கு விற்கின்றார். நூற்றுக்கு இருபத்தைந்து இலாபம் என்று மகிழ்கின்றார். வாடிக்கையாளர் வற்புறுத்தவே, ‘நூற்றுக்கு இருபதுதானே, ஐந்து நமக்கு மிஞ்சுமே’ என்று தள்ளுபடி தருகின்றார். 125-இல் நூற்றுக்கு இருபது என்பது 25 டாலர். விற்ற விலை 100. மிஞ்சியது ஒன்றுமில்லை, கடை வாடகையும் வண்டிச் செலவும் அவர் தலைமேல். வாங்கிய விலையின்மேல் கணக்கிடும் இலாப வீதம் வேறு, விற்கும் விலையின்மேல் கணக்கிடும் வீதம் வேறு என்னும் உண்மை, பள்ளிக்கூடத்துக் கணக்குப் புத்தகத்திலேயே உள்ளது. தேர்வோடு அதனை மறந்தவர் எத்தனை பேர்!

மூன்றாவது சிக்கல் தொலைவு. வாரந்தோறும் வீடுகளுக்குச் சென்று நீரைச் சோதித்துத் தூய்மை செய்தல் நிலையான வருவாய் தரும் பணி. ஒரு வீட்டில் அரைமணி நேர வேலை என்போம். அடுத்த வீட்டுக்குச் செல்லக் கால்மணி ஆகுமாயின், எட்டு மணி நேரத்தில் பத்து வீடுகளைப் பார்க்கலாம். செல்ல அரைமணி ஆகுமாயின் எட்டு வீடுகளே பார்க்க இயலும். ஐந்து நாளில் முன்னது ஐம்பது, பின்னது நாற்பது. ஆள் ஒருவரே, சம்பளம் ஒன்றே. வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு சாலையிலேயே கரைந்துவிடுகின்றது. ஆகவே தேர்ந்த வணிகர், தொலைவிலிருந்து வரும் அழைப்பைக் கண்டு உடனே மகிழ்வதில்லை. தாம் ஏற்கெனவே செல்லும் தெருவில் இன்னொரு வீடு கிடைக்குமா என்றே பார்ப்பர்.

நான்காவது சிக்கல் முன்பணம். இதில்தான் வழுக்கி விழுவார் மிகுதி. ஒரு குளம் அமைக்கப் பல்லாயிரம் டாலர் ஆகும். வாடிக்கையாளர் தந்த முன்பணத்தைக் கொண்டு அவருக்குரிய பொருளை வாங்காமல், முன்னவருக்கு முடியாமற் கிடக்கும் குளத்தை முடிக்கின்றார் வணிகர். இவர் குளத்திற்கு அடுத்தவர் பணம். அடுத்தவர் குளத்திற்கு அதற்கடுத்தவர் பணம். புதிதாக ஒருவர் வந்துகொண்டே இருக்கும்வரை இச்சக்கரம் சுழலும். ஒரு வேனில் மந்தமாயிற்றெனின் சக்கரம் நின்றுவிடும். பலர் வீட்டுக் கொல்லையில் குழி மட்டுமே மிஞ்சும். ஏமாற்ற வேண்டுமென்று தொடங்கியவர் அல்லர் அவர். கணக்கைப் பிரித்து வையாதவர். இதனைத் தடுக்கவே, கலிபோர்னியாவில் வீட்டுக்குளம் அமைக்கும் ஒப்பந்தத்திற்கு முன்பணமாக 1,000 டாலர் அல்லது ஒப்பந்தத் தொகையில் நூற்றுக்குப் பத்து, இவற்றுள் எது குறைவோ அதற்குமேல் வாங்கலாகாது என்று பொதுவாக விதித்துள்ளனர். சட்டம் சொல்லாத இடத்திலும், ஒவ்வொரு வாடிக்கையாளரின் முன்பணத்தையும் தனிக் கணக்கில் வைப்பவரே இரவில் உறங்க வல்லவர்.

சரக்கு வைத்திருப்பதிலும் அறிவு வேண்டும். வேனிலுக்குரிய சரக்கைக் குளிர்காலத்திலேயே வாங்குவோர்க்கு மொத்த வணிகர் விலை குறைத்துத் தருவர்; பணம் செலுத்தத் தவணையும் தருவர். மிகுதியாக வாங்கினால் முதல் முடங்கும். குறைவாக வாங்கினால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போவர். 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றினால் வீட்டிலேயே தங்கிய மக்கள் குளங்களை மிகுதியாகப் பயன்படுத்தலாயினர். அவ்வாண்டு ஆகஸ்டில் சூறாவளியை அடுத்து, லூசியானா மாநிலத்தில் குளோரின் மாத்திரை செய்யும் ஆலை ஒன்று தீக்கிரையாயிற்று. விளைவாக 2021 வேனிலில் மாத்திரைக்குப் பெருந்தட்டுப்பாடு உண்டாயிற்று, விலை ஏறிற்று. இச்சரக்கு சேமிப்பிலும் கருத்து வேண்டுவது. கால்சியம் ஹைப்போகுளோரைட்டுத் தூளும் ‘டிரைகுளோர்’ மாத்திரையும் இரண்டுமே குளோரின்தானே என்று ஒரே கலத்தில் இட்டால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். குளோரின் மருந்தோடு அமிலம் கலந்தால் நச்சுவாயு கிளம்பும். ஒவ்வொன்றுக்கும் தனி அலமாரி, தனிக் கரண்டி இருத்தல் வேண்டும்.

இறுதியாக, இவ்வாணிகத்தின் மெய்யான தேர்வு நடைபெறும் இடத்தைக் காட்டி முடிக்கின்றேன். அது கடையின் மேசை. வாடிக்கையாளர் தம் குளத்து நீரை முழங்கை ஆழத்தில் மொண்டு ஒரு புட்டியிற் கொண்டு வருகின்றார். கடைக்காரர் அதனைக் காசு வாங்காமல் சோதித்துச் சொல்வது அங்கு வழக்கம். ‘நீர் பச்சையாகிவிட்டது, மாத்திரை போட்டுக்கொண்டேதான் இருக்கின்றேன்’ என்கின்றார் அவர்.

மாத்திரையில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் உண்டு. வெயிலில் குளோரின் சிதையாமல் அது காக்கும். சிறிதளவு இருப்பின் நன்மையே. ஆனால் குளோரின் செலவழிந்த பின்னும் அது நீரிலேயே தங்கிவிடும். மாத்திரையால் குளோரின் பத்துப் பங்கு ஏறினால் இவ்வமிலம் ஆறு பங்கு ஏறும். நாள்தோறும் இரண்டு பங்கு குளோரின் சேர்த்துவந்தால், நூறு நாளில் சயனூரிக் அமிலம் பத்து இலட்சத்தில் 120 பங்களவு திரண்டுவிடும். அப்போது குளோரின் கட்டுண்டு, தன் வேலையை மெல்லவே செய்யும். பாசி வளரும். இதற்குப் புதிய மருந்து ஏதும் வேண்டுவதில்லை. நீரில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புதுநீர் விடுவதே எளிய வழி. அதுவும் முழுவதையும் இறைத்துவிடலாகாது. நிலத்தடி நீர் உயர்ந்துள்ள இடத்தில் வெறுங்குளம் படகுபோல் மேலெழும்பிவிடும்.

மேசைக்குப் பின்னால் நிற்பவர் இரண்டு விதமாக விடை சொல்லலாம். அலமாரியிலிருந்து பாசி மருந்து ஒன்று, தெளிவிக்கும் மருந்து ஒன்று, இன்னும் ஒரு வாளி மாத்திரை ஆகியவற்றை எடுத்து வைத்து நூறு டாலர் வாங்கலாம். வாங்குபவருக்கு உண்மை தெரியப்போவதில்லை. அல்லது, ‘ஐயா, இன்று நீங்கள் எதுவும் வாங்க வேண்டா, மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள், பிறகு இன்னொரு புட்டி கொண்டு வாருங்கள்’ என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பலாம். குளிர்காலத்துக்கு 70,000 டாலர் சேர்க்க வேண்டிய கவலை உடையவருக்கு இரண்டாவது விடை எளிதன்று.

ஆயினும் கணக்கு முறையாகப் பார்த்தாலும் இரண்டாவது விடையே இலாபமானது. பெரிய கடைகள் மாத்திரையை எப்போதும் குறைந்த விலைக்கே விற்கும்; சிறு வணிகர் விலையில் அவர்களை வெல்ல முடியாது. அவர்களிடம் கிடைக்காத ஒன்றையே இவர் விற்க வேண்டும். நீரின் நிலையை உள்ளபடி சொல்லும் வாய்ச்சொல்லே அது. அன்று வெறுங்கையோடு போனவர், அடுத்த வாரம் புட்டியோடு வருவார். பம்பு பழுதானால் இவரையே அழைப்பார். பக்கத்து வீட்டாரிடமும் இவர் பெயரைச் சொல்வார். வண்டி ஏற்கெனவே செல்லும் தெருவிலேயே மற்றொரு வீடு கிடைப்பது பெரும்பாலும் இவ்வாறுதான்.

தெளிந்த நீரைக் கண்ணாற் பார்த்து நல்லதென்றும் தீயதென்றும் எவரும் சொல்ல இயலாது. தம் குழந்தையை அந்நீரில் இறக்கும் தாய், முகமறியாத ஒரு கடைக்காரரின் சோதனையை நம்பியே இறக்குகின்றாள். நாளை நீங்கள் எத்தொழிலை மேற்கொண்டாலும், நீங்கள் சொல்வது மெய்யா என்று சோதிக்க வழியில்லாத ஒருவர் உங்கள் மேசைக்கு முன் வந்து நிற்பார். அவருக்குச் சொல்ல வேண்டிய விடையை இப்பொழுதே எண்ணி வையுங்கள்.